கோழி கூட்டில் இருக்கும் நேரத்தில் ஊசி போட வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் பற்றிய செய்தியை உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படித்தேன். காலை 10 மணிக்கு முகாம் என்று போட்டிருந்தது. அந்த 10 மணியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். காவிரிக் கரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வீடு. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் போனபிறகு காலையில் என் குரலைக் கேட்டு ஓடி வருகிற உயிர் என்றால் கோழிகள்தான். போன வருடம் தை மாதம் வரை பதினொன்று இருந்தன.

அந்தத் தையில் எங்கள் ஊரிலும் முகாம் நடந்தது. மருந்துப் பெட்டியோடு அவர்கள் வந்து உட்கார்ந்தபோது மணி பத்தரை. விடிந்ததும் திறந்துவிட்ட கோழி அந்நேரத்துக்கு வாழைக்கட்டையைக் கிண்டிக்கொண்டு எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? இரண்டைத்தான் பிடிக்க முடிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள். சரி, அடுத்த முறை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மாசிக் கடைசியில் சந்தையில் இரண்டு வெடைக்கோழி வாங்கி வந்து, அன்றைக்கே மற்றதோடு சேர்த்து அடைத்தேன். புதுக் கோழியை இரண்டு மூன்று வாரமாவது தனியாக வைத்திருக்க வேண்டும். இது எனக்குத் தெரியும், ஆனால் செய்யவில்லை. ஐந்தாம் நாள் அதில் ஒன்று இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றது. மறுநாள் பச்சையும் வெள்ளையுமாக எச்சம். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. இந்தக் கோழிக்கழிச்சலை நாங்கள் கோழிச்சீக்கு என்போம், டாக்டர்கள் ராணிக்கேட் என்கிறார்கள். ராணிக்கேட் வடக்கே குமாவுன் மலையில் இருக்கிற ஊர். 1927இல் நம் நாட்டில் இந்த நோயை முதலில் கண்டது அங்கே என்பதால் அந்தப் பெயர். எட்டே நாளில் வீட்டில் மிஞ்சியது கொண்டைக்காரி ஒருத்தி மட்டும்.

கொண்டைக்காரிக்கு அப்போது நான்கு வயது. தலையில் குடை விரித்த மாதிரி ஒரு கொத்து மயிர். முட்டையிட அடுப்படிக்கு வந்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். கழிச்சல் நின்று பிழைத்துக்கொண்டாள் என்று நான் நினைத்த அன்று, அவள் கழுத்து திருகிக்கொண்டது. தலை முதுகுப் பக்கம் போய், கண் வானத்தைப் பார்த்தது. கம்பைக் கொத்தக் குனிந்தால் அலகு இரண்டு விரல் தள்ளி வெறும் தரையில் விழுந்தது. மறுபடி கொத்துவாள், மறுபடி தள்ளி விழும். பசிக்கிறது, தானியம் கண்ணெதிரே கிடக்கிறது, வாய்க்கு எட்டவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

கூடையில் வைத்துத் துணியால் மூடி, பஸ் ஏறி கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். முன்னால் இருந்தவர், "ஒரு கோழிக்காம்மா பஸ் ஏறி வந்தீங்க? அறுத்துக் குழம்பு வச்சிருங்க" என்றார். வரிசையில் மாடு, ஆடு பிடித்து நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். உள்ளே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு, என் மகள் வயது இருக்கும். சத்தம் கேட்டு எழுந்து வந்து கூடையைத் திறந்து பார்த்தார். இது வைரஸ், கொல்ல மருந்து கிடையாது, நோய் நரம்பைத் தாக்கியதால்தான் கழுத்து திருகியிருக்கிறது, தீனி உள்ளே போய்க்கொண்டே இருந்தால் சில கோழி தேறும் என்று பொறுமையாகச் சொன்னார். வைட்டமின் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அதைவிடப் பெரிய உதவி, ஊட்டும் முறையைக் கையில் பிடித்துக் காட்டியது. நாம் கோழியின் வாயைப் பிளந்து தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் துவாரம் இருக்கிறது. ஊற்றினால் நேரே அதில் இறங்கி, நோயில் சாகாத கோழி தண்ணீரில் செத்துப்போகும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அதுவாக விழுங்கியதும் அடுத்த சொட்டு வைக்க வேண்டும். கோழியைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள், கண் சிவந்துவிடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து பழைய துண்டைச் சும்மாடாகச் சுற்றி, அதன் நடுவில் அவளை உட்கார வைத்தேன். சாய்ந்து விழாமல் இருந்தாள். ராகிக் கூழை நீர்க்கக் கரைத்து, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக ஒரு நாளைக்கு ஐந்து தரம். ஊட்டியதும் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். ராத்திரி புடைத்திருந்தது விடியற்காலையில் வடிந்திருந்தால், உள்ளே வேலை நடக்கிறது என்று நிம்மதி வரும். குக்கர் விசில் அடித்தால் போதும், பயந்து தலை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அதனால் நாற்பது நாளும் சோற்றை வெண்கலப் பானையில் வடித்தேன். பிறகு ஆழமான கிண்ணத்தில் கம்பு நிறையப் போட்டு வைத்தேன். அலகு எங்கே விழுந்தாலும் ஏதாவது ஒரு மணி மாட்டும். அப்படித்தான் தானாகத் தின்னக் கற்றாள். ஆனி மாதம் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் தோல்முட்டை ஒன்று கிடந்தது. ஓடே இல்லாத, தொட்டால் அமுங்குகிற முட்டை. அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடிக் காட்டினேன். இப்போதும் தலை கொஞ்சம் சாய்வுதான். ஓடுள்ள முட்டையே இடுகிறாள்.

என் கோழிகள் செத்த அதே மாதத்தில் எங்கள் தெருவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கோழி சுருண்டதும் பலர் வியாபாரியைக் கூப்பிட்டு வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். செத்ததை வாய்க்காலில் எறிந்தார்கள், நாய் இழுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனது. என் வீட்டுக்கு நோய் வந்ததும் இப்படி யாரோ சந்தையில் தள்ளிய கோழியால்தான் இருக்கும். அவர்களைத் திட்ட மனம் வரவில்லை. மருந்தகத்துக்குப் போனால் சிரிப்பார்கள், தடுப்பூசி கேட்டால் கிடைக்காது, வேறென்ன செய்வார்கள்? நான் செத்த கோழிகளைக் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். அது ஒன்றுதான் அந்த நாட்களில் நான் சரியாகச் செய்தது.

தடுப்பூசி கேட்டால் ஏன் கிடைக்காது என்பதை டாக்டரம்மாவிடமே கேட்டேன். ஒரு குப்பியில் 100 கோழிக்கு மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் ஐஸில் வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழிக்காக ஒரு குப்பியை உடைக்க முடியாது. நியாயம்தான். ஆனால் ஒரு தெருவில் 100 கோழி இருக்கிறதே!

இந்த வருடம் நான் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். 14 வீடு, ஊசி போடத் தகுந்த, எட்டு வாரம் தாண்டிய கோழி 96. எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். முதல் நாள் இரவே எல்லாரிடமும் "நாளைக்குக் கூட்டைத் திறக்காதீங்க" என்று சொல்லி வைத்தேன். காலை ஐந்தரைக்கு டாக்டரம்மாவும் உதவியாளரும் ஐஸ் பெட்டியோடு வந்தார்கள். ஒவ்வொரு கூடாக, இறக்கையடியில் ஊசி. ஏழு மணிக்கு வேலை முடிந்தது. ஒரு கோழியைக்கூட யாரும் துரத்திப் பிடிக்கவில்லை. இந்த மாசி, பங்குனியில் எங்கள் தெருவில் சீக்கு வரவில்லை.

கால்நடைத் துறையிடம் நான் கேட்பது இதுதான். முகாமை விடியற்காலையில், கோழி கூட்டில் இருக்கும்போது, தெருத் தெருவாக வையுங்கள். கணக்கெடுத்துக் கொடுக்க ஊருக்கு ஊர் மகளிர் குழுக்கள் இருக்கின்றன, அவர்களிடம் நோட்டைக் கொடுங்கள். மருந்தகத்தில் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரமாவது கோழி பார்ப்பதற்கென்று ஒதுக்கி, வாசலில் எழுதிப் போடுங்கள். கோழி விற்ற காசில் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிய பெண்களை என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். கூடையோடு வந்து நிற்கும்போது அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

எங்கள் தெருவில் சித்திரைக் கடைசியில் பொரித்த குஞ்சு 22. ஏழாம் நாள் கண்ணில் விடுகிற சொட்டு மருந்து மட்டும் போட்டாயிற்று. ஆனி முடிவதற்குள் எட்டு வாரம் ஆகிவிடும். அடுத்த தெருவிலும் கணக்கெடுக்கத் தொடங்கியிருக்கிறேன், இன்னும் 70 கோழி சேர்ந்தால் ஒரு குப்பி ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர்,
திருச்சி மாவட்டம்.