மை லாய்: தீர்ப்பை எதிர்த்த மக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மை லாய் படுகொலை பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். வியட்நாமில் 1968 மார்ச் 16 அன்று அமெரிக்கப் படையினர் 504 கிராமத்தவரைக் கொன்றதை விரிவாகச் சொன்ன கட்டுரை, அப்புறம் அமெரிக்க மக்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்தக் கொலைகளுக்காக 1971இல் அமெரிக்கப் படை அதிகாரி லெப்டினன்ட் வில்லியம் கேலிக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது, கேலப் கருத்துக்கணிப்பில் 79 சதவீதம் பேர் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. மேலதிகாரிகள் தப்பிவிட்டார்கள் என்ற கோபம் பலருக்கு இருந்தது, அது நியாயமும்கூட. ஆனால் அந்தக் கோபம் மேலதிகாரிகளைக் கூண்டில் ஏற்றவில்லை. சுட்டவரைத்தான் சுமார் மூன்றரை ஆண்டு வீட்டுக்காவலோடு வெளியே கொண்டுவந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஊருக்குப் போயிருந்தேன். நினைவிடத்தின் சிமெண்டுப் பாதையில் பூட்ஸ் தடங்களையும், பக்கத்திலேயே வெறுங்கால் தடங்களையும் பதித்திருக்கிறார்கள். எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். படுகொலை நடந்த அன்று, படையினருக்கும் கிராமத்தவருக்கும் குறுக்கே ஹெலிகாப்டரை இறக்கிச் சிலரைக் காப்பாற்றிய அமெரிக்க விமானி ஹ்யூ தாம்ப்சனுக்கு வசவும் கொலை மிரட்டலும்தான் முதலில் வந்தன. அமெரிக்க ராணுவத்தின் வீரப் பதக்கமான சோல்ஜர்ஸ் மெடல் 1998இல்தான் கிடைத்தது. தங்கள் மாணவர் பக்கத்தில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.