மேஜர் சரவணன் நினைவுப் பீடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் நகர் நுழைவில் இருக்கும் மேஜர் மாரியப்பன் சரவணன் நினைவுப் பீடத்தின் வேலை முழுவதும் முடிந்துவிட்டது. கோயில் வேலைக்குச் சொல்லும் 'திருப்பணி' என்ற சொல்லை இதற்கும் முதலில் சொன்னவர் நம் குழுவின் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா. அதை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அறிக்கையிலும் அப்படியே வைத்திருக்கிறோம்.

கட்டட வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாலை உயர்ந்து உயர்ந்து பழைய பீடம் பள்ளத்தில் போய்விட்டது. மழை பெய்தால் மூன்று நாள் தண்ணீர் நிற்கும். அடிச்செங்கல் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதை முழுக்கப் பிரித்து, கடைக்காலில் இருந்து புதிதாக எடுத்து, தரையை இரண்டடி உயர்த்தி, தண்ணீர் வடிய வாய்க்கால் விட்டிருக்கிறோம். பீடம் கருங்கல். கொடிக்கம்பம் பழையதுதான், துரு நீக்கி வண்ணம் பூசினோம்.

நாள் பிடித்தது கல்லில் என்ன எழுதுவது என்பதில்தான். பழைய பலகையில் 'கார்கில் மாவீரன், மண்ணின் மைந்தன்' என்று இருந்தது, அவ்வளவுதான். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் "இவர் என்ன செய்தார்?" என்று கேட்டால் அதில் பதில் இல்லை. நடுகல் நட்ட நம் முன்னோர் கல்லில் அடைமொழியை அடுக்கவில்லை. யார், யாருடைய படை, எந்தப் பூசல், எப்படி வீழ்ந்தான் என்று நாலே வரியில் வெட்டி வைத்தார்கள். அந்த வழியே போதும் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

அதன்படி கல்லில் உள்ள செய்தி இது. திருச்சிக்காரரான சரவணன் 1972 ஆகஸ்ட் 10 அன்று பிறந்தவர். பீகார் ரெஜிமெண்டின் முதலாம் பட்டாலியன் அதிகாரி. 1999இல் கார்கில் போரில் அந்தப் பட்டாலியன் லடாக்கின் படாலிக் பகுதியில் நின்றது. 14,000 அடிக்கு மேல், பாறைகளுக்கு இடையே எதிரி பலமாக அரண் கட்டி உட்கார்ந்திருந்த நிலையைப் பிடிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மே 29 விடியுமுன் தாக்குதல். மேலிருந்து குண்டு மழை. ராக்கெட் லாஞ்சரை எடுத்து அரணுக்குள் அடித்ததில் எதிரிகள் இருவர் விழுந்தனர். வெடிச்சில்லு அவர் வயிற்றைக் கிழித்தது. அதற்குப் பிறகும் முன்னேறி இன்னும் இருவரை வீழ்த்தினார். தலையில் குண்டு பாய்ந்து அங்கேயே வீழ்ந்தார். 27 வயது நிறைய இரண்டரை மாதம் பாக்கி.

அந்தச் சிகரம் உடனே கைக்கு வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அவர் உடல் பனியிலேயே கிடந்தது. ஜூலையில் அதே பட்டாலியன் ஜூபார் சிகரத்தைப் பிடித்த பிறகுதான் மீட்க முடிந்தது. இந்த வரியைச் சேர்க்க வேண்டாம், மனம் தாங்காது என்றார்கள் சிலர். சுபேதார் ஐயா மட்டும், "தோழர்கள் அவரை விட்டுட்டு வரலை, அதைத்தான் இந்த வரி சொல்லுது" என்றார். வரி நின்றது.

ஒரு பிழையையும் உங்களிடம் சொல்ல வேண்டும். முதலில் வெட்டி வந்த கல்லில் 'பரம் வீர் சக்ரா' என்று இருந்தது. பதக்கப் பட்டியையும் ஊதாவில் தீட்டியிருந்தார்கள். அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது வீர் சக்ரா. போர்க்கால வீர விருதுகளில் பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது விருது. வெள்ளிப் பதக்கம், ஐந்துமுனை நட்சத்திரம், பட்டி ஒரு பாதி கருநீலம், மறுபாதி காவி. பெரிய விருதாகத்தானே எழுதியிருக்கிறது, இருக்கட்டுமே என்ற பேச்சும் வந்தது. பெறாத விருதை ஒரு சிப்பாயின் பெயரில் எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. கல்லைத் திருப்பி அனுப்பினோம். புதுக்கல் வர ஐந்து வாரம் ஆனது. தாமதத்துக்கு அதுவே காரணம். எழுத்து வெட்டியவர் இரண்டாம் முறைக்குக் கூலி வாங்கவில்லை. அவருக்கு நம் நன்றி.

கல்லின் கீழ்ப்பகுதியில் இன்னொரு பெயரும் இருக்கிறது: நாயக் கணேஷ் பிரசாத் யாதவ். அதே பட்டாலியன், அதே மே 29, அதே வீர் சக்ரா. நம் ஊர்க்காரர் இல்லையே என்று கேட்ட உறுப்பினர்களே பிறகு அந்த வரிக்கான செலவை ஏற்றுக்கொண்டார்கள்.

கணக்கு: நன்கொடை வரவு ரூ. 4,86,500. செலவு ரூ. 4,71,200. கையிருப்பு ரூ. 15,300. ரசீதுகள் அனைத்தும் பொருளாளரிடம் உள்ளன. ஞாயிறு காலையில் யாரும் வந்து பார்க்கலாம். கையிருப்பைக் கொடி மாற்றவும் விளக்குச் செலவுக்கும் ஒதுக்கியிருக்கிறோம்.

மே 29 விடியற்காலை நான்கு மணிக்கு, அந்தத் தாக்குதல் நடந்த வேளையில், பீடத்தில் விளக்கேற்றுகிறோம். ஒலிபெருக்கி இல்லை, மேடை இல்லை. கல்லில் உள்ளதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் வாசிப்பார். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு அகல் கொண்டுவாருங்கள்; எண்ணெய் இங்கே இருக்கும்.

செயலாளர்,
திருப்பணிக் குழு