நெய்மீனைக் கொஞ்ச நாள் விட்டுவிடு

மக்களே,

மீனில் பாதரசம் இருக்கும் என்று டாக்டர் சொன்னதும் மீனையே நிறுத்திவிட்டாயாம். அது வேண்டாம். வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு மீன் வேண்டும். பெரிய மீனை மட்டும் விடு.

கடலில் பாதரசத்தை நுண்ணுயிரிகள் மீத்தைல் பாதரசமாக, உடம்பில் சேரும் நஞ்சாக, மாற்றும். மிதவைப் பாசியைத் தின்னும் சாளையில் அது கொஞ்சம். சாளையைச் சூரை தின்னும், சூரையைச் சுறா தின்னும். படிக்குப் படி கூடும், வயதானால் இன்னும் சேரும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அளந்த சராசரி: சுறாவில் கிலோவுக்கு 0.98 மில்லிகிராம், சாளை வகையில் 0.013. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். உன் 60 கிலோவுக்கு 96 மைக்ரோகிராம். நூறு கிராம் சுறாத் துண்டிலேயே அது தீர்ந்துபோகும். அதே எடைச் சாளையில் ஒன்றரைகூட வராது.

காசிமேட்டில் நெய்மீனை வஞ்சிரம் என்பார்கள், சாளை மத்தி, அயிலை கானாங்கெளுத்தி. பின்னது இரண்டும் நெத்திலியும் மாற்றி மாற்றி வாங்கு, வாரம் மொத்தம் 340 கிராமுக்குள். சுறா, தளப்பத்து, பெரிய வஞ்சிரம் வேண்டாம். துண்டாக விற்றால் அகலத்தைப் பார்; உள்ளங்கையைத் தாண்டினால் கிழட்டு மீன்.

மஞ்சள் போட்டு ஏழு தண்ணீரில் அலசினாலும் பாதரசம் போகாது, சதைப் புரதத்தோடு ஒட்டிக் கிடக்கும். பொரித்தால் நீர் வற்றி, எடைக்கு எடை கூடத்தான் செய்யும். காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம் வேறு மாதிரி, குடலிலும் ஈரலிலும் தங்கும். கணவாயின் குடலைக் கிழியாமல் இழுத்தெடு. நண்டு ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பை (உனக்கு அதுதான் உயிர், தெரியும்) எறிந்துவிடு.

கட்லா, திலேப்பியா போன்ற வளர்ப்பு மீனைச் சீக்கிரமே பிடித்துவிடுவதால் பாதரசம் சேர நேரமில்லை. அங்கே தண்ணீர்தான் வினை. சாக்கடையும் பட்டறைக் கழிவும் விழும் ஏரியென்றால் காரீயமும் காட்மியமும் வரும். எந்த ஏரி என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதே.

இதுவரை தின்றதை நினைத்துப் பதறாதே. உடம்பில் உள்ள மீத்தைல் பாதரசம் 50 முதல் 70 நாளில் பாதியாகிவிடும்.

பேறுகாலத்துக்கு வந்ததும் உன் அத்தை பால்சுறாப் புட்டுக்கு நிற்பாள். குட்டி மீன்தானே என்பாள். துண்டு போட்ட பிறகு எது குட்டி, எது பெருஞ்சுறா என்று யார் கண்டது? பால் கொடுத்து முடியும்வரை சுறா வேண்டாம். அதே பூண்டு, நல்லமிளகு, தேங்காய் போட்டு அயிலையை உதிர்த்துப் புட்டு செய்து தருகிறேன்.

அம்மா