பேய்க்கதை கேட்பவரிடம் எழுத்தாளர் பெயரைச் சொல்லாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் வாசிப்பு வட்டத்துக்காக, அதிகம் பேர் அறியாத பேய்க்கதை, இருள்கதை எழுத்தாளர்கள் பத்துப் பேரைக் கேட்டிருந்தாய். பெயர்கள் வரும். ஆனால் அவற்றை அப்படியே அவர்களிடம் கொடுத்துவிடாதே. இந்த வகை எழுத்தில் எழுத்தாளரைச் சிபாரிசு செய்தால் அநேகமாகத் தோற்றுப்போகும். ஒரு கதையைச் சிபாரிசு செய்.

பேய்க்கதைக்குப் பொருந்திய வடிவம் சிறுகதைதான். பயத்தை முந்நூறு பக்கத்துக்குத் தளராமல் பிடித்துக்கொண்டு போகத் தெரிந்தவர்கள் வெகு சிலர். பெயர் பரவாமல் போனவர்களில் பலர் சீராக எழுதியவர்களும் இல்லை. ஒரு கதை தூக்கத்தைக் கெடுக்கும், அடுத்தது சப்பென்று இருக்கும். பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவர் முதலில் கண்ணில் படுகிற புத்தகத்தை எடுப்பார். அது பெரும்பாலும் அந்த எழுத்தாளரின் மிகப் பெரிய, மிகக் கடினமான நாவலாக இருந்து தொலைக்கும்.

வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சனை எடுத்துக்கொள். சிறுவயதிலேயே கப்பலில் வேலைக்குப் போனவர், 1918-ல் போர்முனையில் இறந்தார். கடலை இவரைப் போல மிரட்டலாக எழுதியவர்கள் குறைவு. பெயரை மட்டும் சொன்னால் 1912-ல் வந்த ‘தி நைட் லேண்ட்’ நாவலில் போய் விழுவார்கள். கற்பனை பிரம்மாண்டம்தான். ஆனால் வலிந்து செய்த பழங்கால ஆங்கிலம், உரையாடலே கிடையாது, நூற்றுக்கணக்கான பக்கம். ஐம்பதாவது பக்கத்தில் மூடிவைத்துவிட்டு, ‘உங்கள் ஆள் சரிப்படவில்லை’ என்பார்கள். அதே மனிதர் 1907-ல் எழுதிய ‘தி வாய்ஸ் இன் தி நைட்’ ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சிறுகதை. அதைக் கொடு.

கொடுக்கும்போது என்ன சொல்வது? இவ்வளவு போதும்: ‘நட்சத்திரம் இல்லாத இரவு. பசிபிக் கடலில் காற்று விழுந்து, பாய்மரக் கப்பல் ஒன்று அசையாமல் நிற்கிறது. இருட்டிலிருந்து ஒரு குரல் சாப்பாடு கேட்கிறது. ஆனால் விளக்கைக் காட்டாதீர்கள் என்கிறது.’ இதற்குமேல் ஒரு சொல் கூடாது. குரல் கொடுத்தவர் சிறு படகில் இருக்கிறார், அவர் ஏன் வெளிச்சத்துக்கு வரவில்லை என்பதுதான் கதை. இதிலிருந்து ஜப்பானில் 1963-ல் ‘மாடாங்கோ’ என்ற படம் வந்தது. அதன் சுவரொட்டியைப் பார்த்தாலே கதை போச்சு. எனவே படத்தின் பேச்சையே எடுக்காதே.

சிபாரிசைக் கெடுக்கிற மூன்று வாக்கியங்களையும் சொல்லிவிடுகிறேன். ‘பயங்கரமா இருக்கும்’ என்றால், படிப்பவர் எங்கே பயம் என்று அளந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். ‘கடைசியில் ஒரு திருப்பம் இருக்கு’ என்றால் முதல் பக்கத்திலிருந்தே யூகிக்கத் தொடங்கிவிடுவார். ‘ஸ்டீபன் கிங் மாதிரி எழுதுவார்’ என்பது மூன்றிலும் மோசம். யாரும் யார் மாதிரியும் எழுதுவதில்லை, ஏமாற்றம் உறுதி. இடம், ஆட்கள், ஒரு சின்னப் பிசகு, இந்த மூன்றையும் இரண்டு வரியில் சொல்லி நிறுத்திக்கொள்.

அடுத்தது, கேட்பவருக்கு எந்த மாதிரிப் பயம் வேண்டும் என்று கண்டுபிடிப்பது. நேராகக் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. தமிழ் வாசகர்களிடம் ஒரு வசதி இருக்கிறது: புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. படித்திருப்பார்கள், இல்லையென்றால் படிக்கச் சொல். பிறகு எது மனதில் தங்கியது என்று கேள். இரவில் வருகிற அந்த வாசனை என்பவருக்கு, காட்டாமலே மிரட்டுகிற கதை வேண்டும். வீட்டுக்குள் வந்து சேர்ந்த அந்தப் பெண் என்றால், குடும்பத்துக்குள் நடக்கும் பயம். முடிவு புரியாமல் விட்டதுதான் பிடித்தது என்பவர் உனக்குக் கிடைத்த பொக்கிஷம். முடிவு புரியவில்லை என்று சலித்துக்கொள்பவரிடம் மட்டும் கவனமாக இரு.

வாசனைக்காரருக்கு ஆல்ஜெர்னன் பிளாக்வுட்டின் ‘தி வில்லோஸ்’, 1907. டான்யூப் ஆற்றில் வெள்ளம், சிறு படகில் இரண்டு பேர், வில்லோ புதர்கள் மண்டிய ஒரு மணல்தீவு. குறுநாவல் அளவு இருக்கும். இதில் தோற்பது எங்கே தெரியுமா? தொடக்கத்தில் பல பக்கங்களுக்கு ஆறு மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கும். அவசரக்காரர்கள் அங்கேயே இறங்கிவிடுவார்கள். ஆகவே முன்கூட்டியே சொல்லிவை: ‘நீர்நாய் வரும்வரை பொறு.’ முதல் மாலையில் தண்ணீரில் ஏதோ கறுப்பாகப் புரண்டு போகும், நீர்நாய் என்று இருவரும் சிரிப்பார்கள். அதையடுத்து படகில் ஒருவன் தூரத்தில் போவான், இவர்களைப் பார்த்துக் கத்துவான், சிலுவைக்குறி போடுவான். அதுவரை வந்தவர் பாதியில் விடமாட்டார். ஆற்றை அவ்வளவு நேரம் எழுதியதற்கும் காரணம் உண்டு. ஆறு உயிருள்ளது என்று நாம் பழகிவிட்ட பிறகுதான் செடிகள்மேல் சந்தேகம் வரும்.

ஆர்தர் மேக்கனும் இதே ஜாதிதான். ‘தி ஒயிட் பீப்பிள்’ தொடங்கும்போது தீமை என்றால் என்ன என்று இருவர் நீளமாக வாதிப்பார்கள். அது பிடிக்காதவரை, உள்ளே வருகிற சிறுமியின் பச்சை நோட்டுப் பகுதிக்கு நேரே போகச் சொல். வாதத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம். தூய்மைவாதிகள் திட்டுவார்கள், திட்டட்டும்.

குடும்பத்துக்குள் பயம் கேட்பவருக்கு மெக்சிகோவின் அம்பாரோ தாவிலா. ஸ்பானிய மொழியில் 1959-லிருந்தே வந்த கதைகள், ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பாக வர 2018 ஆனது. ‘தி ஹவுஸ்கெஸ்ட்’ சில பக்கக் கதை. கணவன் வீட்டுக்கு ஒரு விருந்தாளியை அழைத்துவருகிறான். அது மனிதனா மிருகமா என்று கடைசிவரை சொல்லமாட்டார். கண்ணை மட்டும் காட்டுவார். நடுங்கவைப்பது அந்த விருந்தாளிகூட இல்லை. மனைவி முறையிடும்போதெல்லாம், ‘அது ஒன்றும் செய்யாது, பழகிக்கொள்’ என்கிற கணவனின் தோரணைதான். கூட்டத்தில் பேச இதைவிடத் தோதான கதை கிடைக்காது. ஒவ்வொருவரும் அந்த விருந்தாளியை வேறு ஒன்றாகப் பார்த்திருப்பார்கள். இதற்கு அடுத்த படி அர்ஜென்டினாவின் சமந்தா ஷ்வெப்லின் எழுதிய ‘ஃபீவர் ட்ரீம்’. முழுக்க ஒரு பெண்ணும் ஒரு சிறுவனும் பேசுவதாகவே போகும் குறுநாவல். விட்டுவிட்டுப் படித்தால் யார் பேசுவது என்று குழம்பும், ஒரே நாளில் முடிக்கச் சொல்.

கேட்பவருக்கு நேரமே இல்லையா? உருகுவேயின் ஒராசியோ கிரோகா எழுதிய ‘தி ஃபெதர் பில்லோ’, 1907. மூன்று நான்கு பக்கம். புதுமணப் பெண் படுக்கையில் விழுகிறாள், நாளுக்கு நாள் வெளிறுகிறாள், வைத்தியருக்குப் பிடிபடவில்லை. இதில் இரண்டு ஆபத்து. தலைப்பே பாதியைக் காட்டிக்கொடுக்கும். கதை சின்னதாக இருப்பதால், படிக்கும்போதே கண் கடைசிப் பத்திக்குத் தாவும். தலைப்பை நீக்கி, கடைசிப் பக்கத்தைத் தனித்தாளில் அச்செடுத்து, மடித்துக் கொடு. சிரிக்காதே, வேலை செய்யும்.

முடிவில்லாத முடிவை ரசிப்பவருக்கென்றே பிறந்தவர் ராபர்ட் எய்க்மன். இங்கிலாந்துக்காரர், 1981-ல் இறந்தார். தன் கதைகளைப் பேய்க்கதை என்று சொல்லாமல் ‘விசித்திரக் கதைகள்’ என்றே சொல்லிவந்தார். இவரிடம் வரிசை முக்கியம். ‘தி ஹாஸ்பிஸ்’ கதையில் தொடங்கினால், ரசிக்கிறவர்களே கொஞ்சம் தடுமாறுவார்கள். வழிதவறியவன் ஒரு விடுதியில் தங்குகிறான், தின்று தீராத அளவுக்குச் சாப்பாடு வைக்கிறார்கள், எதற்கும் விளக்கம் கிடையாது. 1955-ல் வந்த ‘ரிங்கிங் தி சேஞ்சஸ்’ கதையில் தொடங்கு. நடுவயதுக்காரன், வயதில் மிக இளைய மனைவி, தேனிலவுக்கு ஒரு கடலோர ஊர். ஊரில் உள்ள தேவாலய மணிகள் எல்லாம் அடிக்கத் தொடங்குகின்றன, நிற்பதே இல்லை. கடலைப் பார்க்க நடக்கிறார்கள், இருட்டில் கடல் அகப்படவே இல்லை. மணி ஏன் அடிக்கிறது என்பதற்குக் கதைக்குள்ளேயே பதில் உண்டு. அந்தக் கைப்பிடி இருப்பதால் வாசகர் விழமாட்டார். அதன்பின் ‘தி ஹாஸ்பிஸ்’ கொடுத்தால், விளக்கம் இல்லாததையும் தாங்கிக்கொள்வார். இவர் புத்தகங்கள் நெடுங்காலம் கிடைக்காமல் இருந்தன. 2014-ல் ஃபேபர் பதிப்பகம் மறுபடி கொண்டுவந்த பிறகு தேடுவது எளிதாயிற்று.

முடிவு தெளிவாக வேண்டும் என்பவரைத் தாழ்வாக நினைத்துவிடாதேம்மா. அவருக்கு நாவலே கொடுக்கலாம்: மைக்கேல் மக்டவல் 1981-ல் எழுதிய ‘தி எலிமென்டல்ஸ்’. அலபாமா கடற்கரையில் மூன்று பழைய வீடுகள். இரண்டில் குடும்பங்கள் கோடையைக் கழிக்கின்றன, மூன்றாவதற்குள் மணல் ஏறிக்கொண்டே இருக்கிறது. எல்லாம் பட்டப்பகலில், வெயிலில் நடக்கும். ஆட்கள் நன்றாகச் சிரிக்க வைப்பார்கள், அதனாலேயே பயம் உறைக்கும். பல ஆண்டுகள் அச்சில் இல்லாமல் இருந்ததை 2014-ல் வாலன்கோர்ட் பதிப்பகம் மீட்டது. மறக்கப்பட்ட இருள்கதைகளைத் தேடியெடுத்து அச்சிடுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். பிற நாட்டுக் கதைகளுக்கென்று ஒரு தொகுப்பு வரிசையும் 2020-ல் தொடங்கினார்கள். புதுப் பெயர்களை மோப்பம் பிடிக்க அதுவே போதும்.

போலந்தின் ஸ்தெஃபான் கிராபின்ஸ்கி ரயில் பைத்தியம். 1919-ல் ரயில் கதைகளை மட்டுமே ஒரு தொகுப்பாகப் போட்டார். ரயிலில் தினமும் போய்வருகிற யாருக்காவது கொடு. பெல்ஜியத்தின் ழான் ரே எழுதிய ‘மால்பெர்ட்யூ’ புகழ்பெற்ற நாவல், ஆனால் கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கையெழுத்துப் பிரதி என்று போகும். அதற்கு முன் ‘தி மைன்ஸ் சால்ட்டர்’ என்ற கடல்கதையைப் படித்தாக வேண்டும்.

மொழிபெயர்ப்பில் ஏமாறும் இடம் ஒன்று. சீனத்தின் பூ சோங்லிங் பதினேழாம் நூற்றாண்டில் எழுதத் தொடங்கியவை ஐந்நூறுக்குக் கிட்டத்தட்ட கதைகள். பெண்ணுருவில் வரும் நரிகளும் பேய்ப்பெண்களும் நிறைந்தவை. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது 1880-ல் ஹெர்பர்ட் கைல்ஸ் செய்தது. காமம் வருகிற இடங்களை விக்டோரியா காலத்துக் கூச்சத்தோடு வெட்டிவிட்டார். நரி ஏன் அந்த வீட்டுக்கு வந்தது என்றே பல கதைகளில் புரியாது. ஜான் மின்ஃபோர்ட் 104 கதைகளைத் தேர்ந்து செய்த பெங்குயின் பதிப்பைக் கொடு. ஹாட்ஜ்சன், பிளாக்வுட், மேக்கன் மூவரையும் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் இணைய நூலகத்தில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இனி எச்சரிக்கையாக இருக்க வேண்டிய பெயர்கள். தாமஸ் லிகோட்டியின் முதல் இரண்டு தொகுப்புகளையும் 2015-ல் பெங்குயின் ஒரே புத்தகமாகப் போட்டது. உள்ளே நுழைய ‘தி ஃப்ராலிக்’ சரியான வாசல். சிறையில் வேலை செய்கிற மனநல மருத்துவர் இரவில் வீடு திரும்பி மனைவியிடம் ஒரு கைதியைப் பற்றிப் பேசுகிறார், அவ்வளவே. ஆனால் குழந்தைக்குத் தீங்கு சம்பந்தப்பட்ட கதை, சிறு பிள்ளைகள் உள்ளவரிடம் சொல்லிவிட்டுக் கொடு. அவருடைய ‘தி கான்ஸ்பிரசி அகெய்ன்ஸ்ட் தி ஹியூமன் ரேஸ்’ கதையே அல்ல, மனிதன் பிறந்ததே பிசகு என்று வாதிடும் கட்டுரை நூல். மனம் சோர்ந்திருக்கிறவர் கையில் அதைக் கொடுக்காதே. ஈரானின் சாதிக் ஹெதாயத் எழுதிய ‘தி பிளைண்ட் அவுல்’ நாவலுக்கும் அதே விதி. அது முதலில் 1930-களில் பம்பாயில்தான், சில பிரதிகள் மட்டும் படியெடுத்து வெளிவந்தது. அற்புதமான புத்தகம், ஆனால் மீண்டு வர இரண்டு நாளாகும்.

இதற்காகவே யாருக்கும் கதை கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடு: ‘எதைப் படிக்க முடியாது?’ குழந்தை, விலங்கு, உடல் சிதைவு, பாலியல் வன்முறை, தற்கொலை, இந்த ஐந்தில் ஏதாவது சொல்வார்கள். கதையில் அது இருந்தால், ‘இருக்கிறது’ என்று மட்டும் சொல். எந்த இடத்தில், யாருக்கு என்று சொல்ல ஆரம்பித்தால் கதையைச் சொல்லிவிடுவாய்.

படித்து முடித்தவரிடம் ‘பிடித்ததா?’ என்று கேட்காதே. பிடித்தது என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ‘எந்த இடத்தில் முதலில் ஏதோ சரியில்லை என்று பட்டது?’ என்று கேள். முதல் பக்கத்திலேயே என்றால் அடுத்தது இன்னும் மெதுவான கதையாகக் கொடுக்கலாம். கடைசியில்தான் என்றால் பிளாக்வுட் பக்கமே இப்போதைக்குப் போகாதே. விளக்கம் இல்லாத இரண்டு கதைகளை அடுத்தடுத்து கொடுக்காமலும் பார்த்துக்கொள், நல்ல வாசகருக்கும் எரிச்சல் வரும்.

தமிழ் மட்டும் படிப்பவர்கள் உன் வட்டத்தில் இருந்தால், புதுமைப்பித்தனின் ‘பிரம்மராக்ஷஸ்’, அதன்பின் ஜெயமோகனின் ‘நிழல்வெளிக்கதைகள்’. கிரோகாவை நீயே வாய்விட்டுத் தமிழில் சொல்லிவிடலாம், பத்து நிமிடம்கூட ஆகாது.

முதல் மூன்று கூட்டத்துக்கு ஹாட்ஜ்சன், தாவிலா, எய்க்மன் என்ற வரிசை போதும். ‘எந்த இடத்தில் முதலில் ஏதோ சரியில்லை என்று பட்டது?’ என்ற கேள்விக்கு அவரவர் சொல்கிற பதிலைக் குறித்து அனுப்பு. நான்காவது கதை யாருக்கு எது என்று அதைப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா