மூடி எங்கே என்று கேட்டாரா உங்கள் நிருபர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மர அறுவை மில் விபத்துகள் பற்றி ஞாயிறு இதழில் வந்த செய்தியைப் படித்தேன். படங்கள் அருமை. கடைசிப் பத்தியில், 'பெரும்பாலும் தொழிலாளர்களின் கவனக்குறைவே காரணம்' என்று ஓர் அதிகாரி சொன்னதை அப்படியே போட்டிருக்கிறீர்கள். மறுகேள்வி கேட்க நிருபருக்கு நேரம் இருந்திருக்காது; பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

செங்கோட்டை வட்டாரத்தில் மில் மில்லாகப் போய் ரம்பத்துக்குப் பல் தீட்டிக் கொடுப்பவன் நான். வட்ட ரம்பத்தின் மேல் மூடி இருக்க வேண்டும். பின்னால் ஒரு தகடு நிற்க வேண்டும். அறுபட்ட கட்டை மறுபடி சேர்ந்து ரம்பத்தைக் கவ்வி, ஆளைத் திருப்பி அடிக்காமல் காப்பது அதுதான். நான் போகிற இடங்களில் மூடி மூலையில் கிடக்கும், தகட்டைக் காணவே காணோம். கேட்டால், "மூடியப் போட்டா வேலை ஓடாது அண்ணாச்சி" என்பார்கள். கூலி கன அடிக் கணக்கு. வேலை ஓடாவிட்டால் சாயங்காலம் கையில் என்ன நிற்கும்?

என் மச்சினன் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தது அப்படித்தான். துண்டுக் கட்டையைத் தள்ளக் குச்சி இல்லை, கையாலேயே தள்ளினான். ஆஸ்பத்திரியில் 'வீட்டில் விறகு பிளக்கும்போது' என்று சொல்லச் சொன்னார் முதலாளி. சொன்னான். ஆக, அரசாங்கக் கணக்கில் அந்த விபத்தே நடக்கவில்லை. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. பேச்சே வேண்டாம், எத்தனை பேர் வேலை பார்த்தாலும் வருகைப் பதிவேட்டில் ஒன்பது பேர்தான். பத்தைத் தொட்டால் சட்டம் உள்ளே வந்துவிடும் என்பது தாங்கள் அறியாததா? புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், மின்சாரத்தில் ஓடும் தொழிற்சாலைக்குப் பத்துப் பேர் என்றிருந்ததை இருபதாக்கிவிட்டார்கள். இனிப் பொய் எழுதும் சிரமமும் குறையும்.

அதே மில்லில் கட்டைக்கு இருக்கும் மரியாதையைப் பாருங்கள். 1996-ல், காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிடித்த பிடியில், எந்தக் கட்டை எங்கிருந்து வந்தது, பாஸ் எங்கே, முத்திரை எங்கே என்று வனத்துறை நாடா வைத்து அளக்கிறது. நல்லது, காடு பிழைக்கட்டும். அளக்கிறவர் கொஞ்சம் தலையைத் திருப்பினால் மூடியில்லாத ரம்பம் தெரியும். அது அவர் துறை இல்லையாம்.

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே சொல்லிவிட்டது. இங்கே மூக்குக்குத் தோள் துண்டுதான். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினத்தன்று முகக்கவசம் கொடுத்துப் படம் எடுப்பார்கள். எடுத்த கையோடு திருப்பி வாங்கி அட்டைப்பெட்டியில் போட்டுவிடுவார்கள். அந்தப் படமும் தங்கள் பத்திரிகையில் வந்ததுதான். தூளை வாய்க்கால் கரையில் கொட்டி எரிப்பதைப் பற்றி முன்பே எழுதினேன். இடமில்லை போலும். ராசிபலனுக்கு இருந்தது.

1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே இயந்திரத்துக்கு மறைப்பு வேண்டும் என்று இருந்தது. அந்த அதிகாரி படித்திருப்பார்.

நான் கேட்பது ஒன்றுதான். தொழிலகப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் எங்கள் பகுதி அலுவலக முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். என் பெயரை மட்டும் போட வேண்டாம். நாளைக்கும் அந்த மில்களுக்குத்தான் நான் போக வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செங்கோட்டை