பிரசங்கி வாசிப்பு: குழுவினருக்கு ஓர் அறிவிப்பு

அன்பான சகோதர சகோதரிகளுக்கு, இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

வரும் ஞாயிறு பிற்பகல் ஏற்காட்டில் கூடுவதற்கு முன், வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் உள்ள பிரசங்கி புத்தகத்தின் முதல் 3 அதிகாரங்களை வாசித்து வருமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்ற முறை நம் வாலிபத் தம்பி ஒருவர் "எதற்காக வாழ்கிறோம்?" என்று கேட்டபோது, அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட்டோம் என்ற உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் 'மாயை' என்று நாம் வாசிக்கும் சொல், எபிரேய மூலத்தில் 'ஹெபெல்'. மூச்சு, நீராவி என்று பொருள். காலையில் காப்பித் தோட்டத்தின் மேல் கவிந்து, வெயில் ஏறியதும் கலைந்துபோகும் மூடுபனியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும்: பனி பொய்யல்ல, ஆனால் கையில் பிடித்து வைத்துக்கொள்ள முடியாதது. செல்வத்தையும் ஞானத்தையும் பிரசங்கி அப்படித்தான் காண்கிறார். ஆயினும் உண்பதும் குடிப்பதும் உழைப்பின் பலனை அனுபவிப்பதும் தேவனுடைய கரத்திலிருந்து வருவதாக 2:24இல் சொல்கிறார்.

புதிய ஏற்பாட்டில் பவுலின் நிருபமான கொலோசெயர் 3:23ஐயும் சேர்த்து வாசியுங்கள். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யும்படி அங்கே எழுதியிருப்பது பெரிய பதவியில் இருந்தவர்களுக்கு அல்ல, அடிமைகளாய் இருந்த விசுவாசிகளுக்கு. பவுலும் கூடாரம் செய்து பிழைத்தவர்தான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கிறவரின் வேலையும், இங்கே மிளகு பறிக்கிற அக்காவின் வேலையும் தேவ அழைப்பே என்று நான் உறுதியாக நம்புவது இந்த வசனத்தால்தான்.

சேலத்திலிருந்து வருகிறவர்கள் இருட்டுமுன் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்க வேண்டியிருப்பதால், 3 மணிக்கே தொடங்குவோம். வேதாகமத்தை மறவாமல் கொண்டு வாருங்கள்.