இணையதளம் இருந்தும் தேடலில் தென்படாத சிறு தொழில்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு தொழில் செய்வோர் இணையம் வழியாகவும் விற்கப் பழக வேண்டும் என்ற கருத்து இன்று எங்கும் வலியுறுத்தப்படுகிறது. ஆனால், கையிலிருந்த பணத்தைப் போட்டு இணையதளம் தொடங்கியவர்களே, கூகுளில் தேடினால் தங்கள் கடை வருவதில்லை என்று சலித்துக்கொள்வதை எங்கள் சிவகங்கை மாவட்டத்தில் அடிக்கடி கேட்கிறேன். பெரிய நிறுவனங்களின் போட்டியே இதற்குக் காரணம் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். நான் பார்த்தவரையில், பெரும்பாலான தளங்களில் செய்யப்படாமல் கிடப்பவை மாதக் கட்டணம் எதுவும் கொடுக்காமலேயே செய்துகொள்ளக்கூடிய அடிப்படை வேலைகள்தாம்.

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில், கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்திக் கையாலேயே டைல்ஸ் செய்கிறார்கள். புது வீடு கட்டுவோர் எங்கெங்கோ இருந்து இவற்றைத் தேடுகிறார்கள். இத்தொழிலில் இருக்கும் ஒரு பட்டறையின் தளத்தை அண்மையில் பார்த்தேன். அதன் முதல் பக்கத்தின் தலைப்பு வெறும் ‘ஹோம்’ என்று இருந்தது. அளவு, விலை, கைப்பேசி எண் என எல்லாமே அச்சு விளம்பரத்துக்காகச் செய்த ஒரே படத்துக்குள் அடங்கியிருந்தன. படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கூகுள் போன்ற தேடுபொறி முறையாகப் படித்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. கைப்பேசியில் பார்ப்பவரும் அந்த எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது. பக்கத் தலைப்பில் ‘கையால் செய்த ஆத்தங்குடி டைல்ஸ், காரைக்குடி’ என்று எழுதி, விவரங்களைப் படத்திலிருந்து எடுத்து எழுத்தாகவே இட்டு, ஒவ்வொரு படத்துக்கும் அது எந்த வடிவம், என்ன நிறம் என்று ஒரு வரி மாற்று விளக்கம் (பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் படத்தோடு இணைத்து எழுதும் குறிப்பு) சேர்த்தால், அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்பது தேடுபொறிக்கு விளங்கிவிடும்.

அதற்கு மேல் என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்கு, வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்பதையே எழுதுங்கள் என்பதுதான் என் பதில். சதுர அடி என்ன விலை, குளியலறையில் வழுக்குமா, லாரியில் அனுப்பினால் உடையாதா, பதித்த பிறகு எப்படித் துடைப்பது என்று நாள்தோறும் வரும் இந்தக் கேள்விகளைத்தான் மக்கள் கூகுளிலும் தட்டச்சு செய்கிறார்கள். பட்டறைக்காரர் தம் அனுபவத்திலிருந்து எழுதும் நான்கு பத்திக்கு ஈடாக, விளம்பர நிறுவனம் எங்கிருந்தோ எடுத்து ஒட்டித் தரும் நாற்பது பத்தி நிற்காது.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஏற்றப்பட்ட பக்கங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. இன்று கைப்பேசியிலும் கணினியிலும் பொதுவாகப் பயன்படும் யூனிகோடு முறையில் தமிழைத் தட்டச்சு செய்து தேடுபவருக்கு அவை கிடைக்கவே மாட்டா. அதேபோல், இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளத்தை அமைக்கும்போது தேடுபொறிகள் வர வேண்டாம் என்று தேர்வு செய்துவிட்டு, வேலை முடிந்த பிறகு அதை நீக்க மறந்த தளங்களும் உண்டு. கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ என்ற இலவசச் சேவையில் தளத்தைப் பதிவு செய்தால், எந்தப் பக்கம் கூகுளின் தேடல் பட்டியலில் சேர்ந்திருக்கிறது, எது சேரவில்லை, ஏன் சேரவில்லை என்பதை உரிமையாளரே பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றை விட்டுவிட்டு, முதல் இடம் உறுதி என்று சொல்லி மாதந்தோறும் பணம் வாங்குவோரை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள் என்பதே எனக்குப் பெரும் வேதனை. முதல் இடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. பக்கத்தின் நிரலுக்குள் மறைத்து எழுதும் குறிச்சொல் பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று அந்நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். பிற தளங்களிலிருந்து காசு கொடுத்து வாங்கும் இணைப்புகளோ தளத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடவும் கூடும். இன்னும் சிலர் தள முகவரியையே தங்கள் பெயரில் பதிந்துகொண்டு, உரிமையாளர் விலக நினைக்கும்போது தர மறுக்கிறார்கள். முகவரி தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் இருக்கிறதா என்று ஒவ்வொரு வணிகரும் இன்றே பார்த்துக்கொள்வது நல்லது. கூகுள் தன் வணிகப் பக்கங்களோடு இலவசமாகத் தந்திருந்த சிறு இணையதளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியபோது, சொந்த முகவரி இல்லாத கடைகள் தளத்தோடு முகவரியையும் இழந்தன.

வரைபடத்தில் கடையைக் காட்டும் கூகுள் வணிகப் பக்கம் இன்றும் இலவசமே. கடையின் பெயர், முகவரி, திறந்திருக்கும் நேரம் ஆகியவை அங்கும் இணையதளத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மாவட்டத் தொழில் மையங்கள் தொழில்முனைவோருக்கு நடத்தும் பயிற்சிகளில், பங்கேற்பவர் தம் சொந்தத் தளத்தைத் திறந்துவைத்து இக்குறைகளைத் திருத்திப் பழகும் வகையில் ஒரு நாளை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இதழின் வணிகப் பக்கத்திலும் இதற்கு வாரம் ஒரு பத்தி அளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காரைக்குடி.